பூமணியக்கா வீட்டுத் தேத்தண்ணீர்

நெடுந்தீவில் இப்போது கிராம அலுவலராக இருக்கும் நிரோஜா, போன மாதம் வேலணையில் என் வீட்டுக்கு வந்தாள். அலுவலகத்தில் ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

"சேர், நீங்கள் நெடுந்தீவில கனகாலம் இருந்தனீங்களெல்லே. சேவைக்கால அனுபவம் எண்டு ஏதாவது எழுதித் தாங்கோ."

உடனே ஓமென்றேன். என்ன எழுதுவது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அந்தத் தீவில் நான் தேத்தண்ணீர் குடிக்காத வீடு கிடையாது. பென்சன் எடுத்த நாளிலிருந்து இந்தப் பெருமையை நான் சொல்லாத ஆளும் கிடையாது. நான் தொடங்கினால் என் மனைவி கமலம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். அவளுக்கு அது மனப்பாடம்.

நிரோஜா படலை வரைக்கும் போனவள், திரும்பி நின்று ஒரு விஷயம் கேட்டாள். அதோடு என் பெருமை முழுக்க அவிந்து போயிற்று. அவள் கேட்டதை உரிய இடத்தில் சொல்கிறேன். பிள்ளை, இது நீ கேட்ட கட்டுரை இல்லை. மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த நாளில் மாவட்டச் செயலகமான கச்சேரியில் சில கிழமை இருத்திச் சுற்றறிக்கைகளை வாசிக்க வைத்தார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. உண்மையான பயிற்சி, நெடுந்தீவில் நாகநாதர் விதானையாரின் குடைக்குப் பின்னால் நடந்ததுதான். கிராம அலுவலர் என்று பெயரை மாற்றிக் கனகாலமாகியும் சனத்துக்கு நாங்கள் விதானையார்தான்.

நாகநாதர் ஒல்லி மனிதர். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை, தோளில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். வீட்டுக்கு வீடு அவர் போகிற முறை பூசை செய்வது போல இருக்கும். படலையில் குடைக் காம்பால் இரண்டு தட்டு. பிறகு வீட்டுக்காரரின் பெயர். உள்ளே போனால் முதலில் கிழடுகளின் சுகம் விசாரிப்பார். அடுத்தது செத்தவர்கள், அதற்கடுத்தது ஊரைவிட்டுப் போனவர்கள், கடைசியில்தான் பிறந்த பிள்ளைகள். "செத்த ஆளைக் கேளாமல் பிறந்த பிள்ளையைக் கேக்கப்படாது தம்பி, வீட்டுக்காரி எரிச்சல்படுவாள்" என்பார். வருமானம் என்னவென்று வாயால் கேட்கமாட்டார். குசினிக் கூரையில் புகை வருகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். குரல் உயர்த்த மாட்டார். ஒருவரிடமும் ஒரு தேங்காய் கூட வாங்கமாட்டார். அவ்வளவு நேர்மையான ஆளை நான் பிறகு காணவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தீவின் மேற்குப் பக்கத்தில் சில வீடுகள் இருந்தன. பனையேறுகிற ஆட்களின் வீடுகள். எங்கள் ஆட்கள் கை நனைக்காத வீடுகள். அங்கே நாகநாதர் உள்ளே போகமாட்டார், முற்றத்தோடு நின்றுவிடுவார். கதிரை வரும். சேட்டுப் பைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டு இருப்பார். அடுத்ததாகச் சோடா வரும்.

ஏன் சோடா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. சோடா கடையிலிருந்து மூடியோடு வருகிறது. அந்த வீட்டுத் தண்ணீர் இல்லை, அந்த வீட்டுப் பேணியும் இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் அதைக் குடிக்கலாம். அந்தச் சனமும் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, விதானையார் வருகிறார் என்றால் துறையடிக் கடைக்கு ஆள் அனுப்பிவிடும். நாகநாதர் தனக்கு முன்னால் மூடியை உடைக்கச் சொல்லி, போத்தலின் வாயை லேஞ்சியால் துடைத்து, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பார். வெறும் போத்தலைக் கையில் கொடுக்கமாட்டார், கல்வேலிக்கு மேல் வைப்பார். மற்ற நேரம் தாகமென்றால் தோளில் கிடக்கிற தன் சொந்தப் போத்தல்.

நானும் பக்கத்தில் நின்று அப்படியே அண்ணாந்து குடித்தேன். அப்போது எனக்கு வெட்கமொன்றும் வரவில்லை. நல்ல வெயில், சோடா குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு என்னைத் தனியாக அனுப்பத் தொடங்கினார். சண்டைக் காலம், நிவாரண அட்டைக்குப் பெயர் பதிய வேண்டும். மேற்குப் பக்கத்தில் கந்தையா அண்ணையின் வீடு. படலையைத் தட்டினால் மனைவி பூமணியக்கா மட்டும் வந்தார். என்னைவிடச் சில வயது மூப்பு. இடுப்பில் யோகன் என்ற கைக்குழந்தை.

"கந்தையா அண்ணை எங்கை?"

"இப்ப வந்திடுவார் ஐயா. துறையடிக்குப் போட்டார்."

"ஏன்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. எனக்குச் சோடா வாங்க அந்த மனிதர் அந்த உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். துறையடி தீவின் மற்றத் தொங்கல். எனக்கு அந்த நேரம் ஏதோ ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"சோடா எனக்கு ஒத்துவராது அக்கா. தேத்தண்ணி இருந்தால் தாங்கோ."

"எங்கட வீட்டையோ?"

"பின்னை, கடையிலயோ?"

அவர் அப்படியே நின்றார். பிறகு குசினிக்குள் போனார். சில்வர் பேணியில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் வந்தது. பதற்றத்தில் ஆற்றவும் இல்லை, சீனி போட்டதா இல்லையா என்றும் தெரியவில்லை. நானும் பதற்றத்தில்தான் இருந்தேன். ஆறட்டும் என்று நிலத்தில் வைத்தால், குடிக்க மனமில்லாமல் வைக்கிறான் என்று நினைப்பாரே! எடுத்து ஒரே மிடறாக விழுங்கினேன். நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் வெந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க, "நல்லாயிருக்கு அக்கா, இன்னும் கொஞ்சம் தாங்கோ" என்றேன். விசரன்! அடுத்த பேணியும் அதே சூட்டில் வந்தது.

கந்தையா அண்ணை வந்தபோது நான் அவர் வீட்டுப் பேணியும் கையுமாக அவர் வீட்டு விறாந்தையில் இருந்தேன். அவர் முற்றத்தில் நின்று என்னையும் பார்த்தார், தன் கையிலிருந்த சோடாவையும் பார்த்தார். "இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். பூமணியக்கா சிரித்துவிட்டார். மூன்று நாளைக்கு எனக்கு ஒரு சாப்பாட்டிலும் ருசி தெரியவில்லை.

கதை நாகநாதரின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் ஏசவில்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் போகும் வரை பொறுத்திருந்து, மெல்லச் சொன்னார்.

"தம்பி, நீர் குடிச்சது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. நான் ஒரு வீட்டையும் குடிக்கிறேல்லை எண்டு இருக்கிறன், அது லேசு. நீர் குடிக்கத் தொடங்கியிட்டீர். இனி உம்மால நிப்பாட்ட ஏலாது. எண்டைக்காவது ஒருநாள் அந்த வீட்டை வேண்டாம் எண்டீரெண்டால், என்ர சோடாவை விட அது அவைக்குப் பெரிய அடி. விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. பழைய மனிதர், பொறாமையில் கதைக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். இடம் பெயர்ந்தது, திரும்பி வந்தது, நேவியிடம் அனுமதி எடுத்துச் சாமான் இறக்கியது, வெள்ள நிவாரணத்துக்குப் பெயர் பதிந்தது, வறட்சி நிவாரணத்துக்குப் பெயர் பதிந்தது என்று காலம் ஓடியது. உவர்த் தண்ணீரில் போட்டது, பாலில் போட்டது, தூள் முடிந்து சாயம் மட்டும் விட்டது என்று எல்லா வீட்டுத் தேத்தண்ணீரையும் குடித்தேன். தேத்தண்ணீருக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டம் வரும். அதையும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஒரு வாய் வெற்றிலை, ஒரு துண்டு பாக்கு, கிள்ளின புகையிலை. ஒரு வீட்டில் போட்டுவிட்டு மறு வீட்டில் போடாமல் விடலாமா? அது என் நீதி.

கந்தையா அண்ணை இடையில் காலமானார். அவர்கள் இருந்த காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று பூமணியக்கா, "இதில ஒரு கல்வீடு கட்டினால் முதல் தேத்தண்ணி எங்கட விதானையாருக்குத்தான்" என்றார். ஐயா என்பது எப்போதோ மறைந்து, நான் அந்த வீட்டுக்கு 'எங்கட விதானையார்' ஆகியிருந்தேன்.

பென்சன் எடுத்து வீட்டில் இருந்தபோது, இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "வெத்திலை போடுறனீங்களோ ஐயா? எத்தினை வருசமா?" என்று கேட்டார்.

"உத்தியோகம் தொடங்கின நாளில இருந்து" என்றேன். அவர் என்ன உத்தியோகம் என்று கேட்கவில்லை.

வாய்ப்புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். பிறகு சனம் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்கிற கதிர்ச் சிகிச்சை. புற்று வருத்தம் போய்விட்டது என்று சொன்னார்கள், கடவுளுக்கு நன்றி. ஆனால் நோவு போகவில்லை. சிகிச்சை முடிந்து மாதக் கணக்காகியும் வாய் உரித்த தோல் போலத்தான் கிடந்தது. கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்.

"சில ஆக்களுக்கு இப்படித்தான் ஐயா, கன நாளைக்கு இழுக்கும். உப்பும் அப்பச்சோடாவும் கொதிச்சாறின தண்ணியில கரைச்சு அடிக்கடி கொப்பளியுங்கோ. சுடுறது, உறைப்பு, புளிப்பு வேண்டாம். தண்ணியைக் கிட்ட வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடியுங்கோ. வெள்ளையா ஏதும் படர்ந்தால், நோவு திடீரெண்டு கூடினால், கிளினிக் நாள் பாத்துக்கொண்டிராமல் வாங்கோ."

அவள் சொன்னபடிதான் செய்கிறேன். காலையில் எழும்பினால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டியிருக்கும். முதலில் கொப்பளித்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பல் தீட்டுவது குழந்தைப் பிள்ளைகளின் பிரஷ்ஷால். பற்பசை எரிக்கும் என்பதால் வெறும் தண்ணீர். புட்டைக் கண்டால் பயம், உதிர்ந்து போய் உமிழ்நீர் இல்லாத வாயில் மணலாய் நிற்கும். குழைய அவித்த சோறும் பாலும், அல்லது மிளகாயும் தேசிக்காயும் காட்டாத பால்சொதியில் ஊறப் போட்ட இடியப்பம். கமலம் தனக்கு மீன்குழம்பு வைத்தால் நான் வளவின் மூலைக்குப் போய்விடுவேன். மணமே எரிக்கும். வாழைப்பழம் சில நாளைக்கு இறங்கும், சில நாளைக்கு அதுவும் சுடும். எந்த நாளைக்கு எது என்று சொல்ல ஏலாது.

நோவைக் கூடத் தாங்கலாம். வெட்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இடப்பக்கத்து உதடு விறைத்துப் போனதால் வாய்க்குள் போவது வெளியே வழிவது எனக்குத் தெரிவதில்லை. கிளாஸில் குடித்தால் பாதி சேட்டில். கமலம் கடையிலிருந்து உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. நீல நிறம், அதில் ஒரு வாத்து! ஒரு தீவையே பதிந்து வைத்திருந்த விதானையார் வாத்துப் போத்தலில் உறிஞ்சுகிறார். அதை ஒரு துணிப் பைக்குள் மறைத்துக்கொண்டுதான் திரிவேன்.

ஒருநாள் சொந்தக்காரர் வீட்டில் பலகாரத்தோடு தேத்தண்ணீர் தந்தார்கள். ஆறினதுதானே என்று வாயில் வைத்தேன். எதிரில் இருந்த சின்னப் பெட்டை, "அம்மா, அந்த அப்பப்பாக்கு வீணீர் வடியுது" என்றது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்க்காமல் பார்ப்பது இருக்கிறதே, சீ! அன்றைக்கு வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன்: "நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும். கேட்டால் பல்லுப் பிடுங்கினதெண்டு சொல்லும்." கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டினேன். ஊரே கழற்றி எறிந்துவிட்ட நேரத்தில் நான் மாட்டினேன்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் பூமணியக்காவின் மகன் யோகனின் போன் வந்தது. வெளிநாட்டில் உழைத்த காசில் அந்தக் காணியில் கல்வீடு கட்டி முடித்திருந்தான். குடிபூரலுக்கு நான் வராமல் அம்மா அடுப்பு மூட்டமாட்டாராம். கமலம், "உள்ளதைச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்" என்றாள். நான் கேட்கவில்லை.

குறிகாட்டுவானில் படகு ஏறினேன். உப்புக் காற்றில் உதடு வெடித்தது. போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்த சனம். எனக்கு நடுவில் கதிரை போட்டிருந்தார்கள். பூமணியக்கா புதுத் தட்டத்தில் புதுக் கிளாஸ் வைத்து, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"எங்கட விதானையார் குடிச்சாப் பிறகுதான் மற்ற ஆக்களுக்கு."

நான் அந்த ஆவியைப் பார்த்தேன். சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தேன். முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். சுடும். வழியும். அந்தப் பெட்டையின் குரல் காதில் கேட்டது.

"வேண்டாம் அக்கா. வயித்துக்குச் சரியில்லை."

"ஒரு மிடறு?"

"ஏலாது."

சனம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தட்டத்தோடு நின்றார், பிறகு உள்ளே போனார். எனக்கு நாக்கு ஒட்டத் தொடங்கிவிட்டது. யாரும் காணாமல் புதுச் சுவருக்குப் பின்பக்கம் போய், பையிலிருந்து போத்தலை எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உறிஞ்சினேன். திரும்பினால் பூமணியக்கா குசினி வாசலில் நிற்கிறார். கையில் அதே கிளாஸ். அவர் என் போத்தலைத்தான் பார்த்தார். என் வீட்டுத் தண்ணீரை, என் பாத்திரத்தில், அவர் வீட்டில் நின்று நான் குடிக்கிறேன்.

"சரி ஐயா" என்றார்.

ஐயா! அந்தச் சொல் எங்கே குத்தியதென்று எனக்குத் தெரியும். நாகநாதர் சொன்னதும் அந்த இடத்திலேயே விளங்கியது. விளங்கியும் வாய் திறக்கவில்லை. சொன்னால் எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்களே என்பதுதான் அப்போதும் எனக்குப் பெரிதாக இருந்தது. சாப்பாட்டுக்கு நிற்காமல் அடுத்த படகில் வந்துவிட்டேன். நல்ல மனிசி, மறந்துவிடுவார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இனி நிரோஜா படலையில் திரும்பி நின்று கேட்டது.

"சேர், ஒண்டு கேக்க வேணும். மேற்குப் பக்கத்தில பூமணியம்மா எண்டு ஒராள். அங்கை போன இடத்தில தாகமாக் கிடந்தது, தேத்தண்ணி தாறியளோ எண்டு நானாக் கேட்டன். அவா மகனைக் கடைக்கு அனுப்பி, மூடி உடைக்காத சோடா ஒண்டு எடுப்பிச்சு வைச்சிட்டு, 'எங்கட வீட்டுத் தேத்தண்ணி உங்கட ஆக்களுக்குச் சரிவராது பிள்ளை. விதானையாரும் இப்ப குடிக்கிறேல்லை' எண்டா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அதென்ன சேர் சோடா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தப் பிள்ளை சோடாவின் கதையை அறியாமல் வளர்ந்திருக்கிறாள். ஒழிந்தது என்று நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்ததை, நானே திருப்பிக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்துவிட்டேன். என் வாய் நொந்ததற்காக இல்லை. நோவைச் சொல்ல வெட்கப்பட்டதற்காக.

அடுத்த நாள் வெளிக்கிட்டேன். முகக்கவசத்தை மேசையில் போட்டேன். போத்தலையும் பக்கத்தில் வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன விசர் வேலை? தண்ணி இல்லாமல் அவ்வளவு தூரம் படகில போக ஏலுமே?" என்று கமலம் கத்தினாள்.

"அந்த வீட்டுக்கு நான் இனித் தண்ணி கொண்டு போகமாட்டன்" என்றேன். பெரிய வீரவசனம்தான்.

படகு பாதி வழி போகுமுன் வீரம் முடிந்துவிட்டது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டி, பிறகு பல்லோடும் ஒட்டியது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார், தலையை ஆட்டினேன். ஓட்டோவில் இறங்கிப் பூமணியக்காவின் படலையைத் தட்டியபோது எனக்குக் குரலே இல்லை. வழி முழுக்கப் பாடமாக்கி வந்த மன்னிப்பு எல்லாம் வாய்க்குள் காய்ந்து கிடந்தது.

"வாங்கோ ஐயா" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே திரும்பி, "யோகன், துறையடிக்குப் போட்டு வா. விதானையார் வந்திருக்கிறார்" என்றார்.

யோகன் மோட்டார் சைக்கிளை உருட்டினான். நான் அவன் கையைப் பிடித்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சொல்ல முயன்றேன், காற்றுத்தான் வந்தது. இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குசினி வாசலில் தண்ணீர்க் குடம் இருந்தது, மேலே ஒரு சில்வர் பேணி கவிழ்ந்திருந்தது. நேரே போய், கேட்காமல், பேணியால் அள்ளிக் குடித்தேன். குடித்தது பாதி. மிச்சம் கடைவாயால் ஒழுகிக் கழுத்துக்கும் சேட்டுக்கும் போயிற்று. அவர்கள் முன்னாலேயே போயிற்று. திரும்பவும் அள்ளினேன்.

"என்ர அம்மாளாச்சி! என்ன விதானையார் இது?"

நாக்கு விடுபட்டது. "வாயில புற்றுநோய் அக்கா. வெட்டி எடுத்துக் கரண்டும் பிடிச்சாச்சு. வருத்தம் இல்லை, நோவுதான் நிக்குது. சூடும் ஏலாது, உறைப்பும் ஏலாது. குடிச்சால் இப்படித்தான் வழியும். குடிபூரல் அண்டைக்குச் சனத்துக்கு முன்னால வெக்கத்தில…" அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறந்து காட்டினேன். இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். யோகன் மற்றப் பக்கம் பார்த்தான்.

"நான் தந்த வெத்திலையோ?" என்று கேட்டார்.

"எல்லா வீட்டு வெத்திலையும்தான். உங்கடதைத் தனியப் பிரிச்சுச் சொல்ல ஏலாது" என்றேன். "வாங்கிப் போட்டது நான்."

அவர் விறாந்தைப் படியில் இருந்துவிட்டார். பிறகு கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான்.

"நாங்கள் என்ன நினைச்சமெண்டு தெரியுமோ? உத்தியோகம் முடிஞ்சுது, இனி எங்கட வீட்டுத் தேத்தண்ணி அவருக்கு எதுக்கு எண்டு நினைச்சம். சனம் என்னை ஒரு மாதிரிப் பாத்தது. அண்டைக்கு மூட்டின அடுப்பை நான் அழுதுகொண்டுதான் தண்ணி தெளிச்சு நூத்தனான். முதன்முதல் இந்த வளவில தேத்தண்ணி குடிச்ச அண்டைக்கும் உங்களுக்கு வாய் வெந்தது எனக்குத் தெரியும். கண்ணால தண்ணி வந்ததைக் கண்டனான். எங்கட மனம் நோகாமல் இருக்க எண்டு சொல்லாமல் விட்டீங்கள். அதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. இப்ப ஆருக்காகச் சொல்லாமல் விட்டனீங்கள்?"

எனக்காகத்தான். வேறு யாருக்காக?

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். பால் விட்ட தேத்தண்ணீரை இரண்டு பேணிகளில் மாற்றி மாற்றி ஆற்றுகிற சத்தம் கனநேரம் கேட்டது. கொண்டுவந்து, ஒரு துளியைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு நீட்டினார். குடித்தேன். ஆறியிருந்தும் எரித்தது. இடப்பக்கத்தால் வழிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பத்தான் மனம் சொன்னது. திரும்பாமல் குடித்தேன். அவர் பார்க்காதது போல் பார்க்கவில்லை, நேரேதான் பார்த்தார்.

"வெக்கமாக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்கும்தான். அந்தப் பிள்ளைக்கு நான் சோடா குடுத்தனான். அது பாவம், ஒண்டும் அறியாது. வரச் சொல்லுங்கோ, விதானையார்."

சொல்கிறேன் என்றேன். நிரோஜா, அதைத்தான் இங்கே சொல்கிறேன். நீ அங்கே போக வேண்டும், கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும்.

பேணியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்று பூமணியக்கா கேட்டார்.

கன்னத்தின் உட்பக்கம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. சேட்டு நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முந்தி என்றால் தாங்கோ என்றிருப்பேன்.

"வேண்டாம் அக்கா" என்றேன். "நோகுது."

"சரி" என்று பேணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.